மூன்றாம் வளைவில் நிற்கிறவள்

ராஜா முகம்மதுவின் ஜீப்பில் சாவியைத் திருகினால் எஞ்சின் கிளம்புகிறதோ இல்லையோ, பாட்டு கிளம்பிவிடும். நிறுத்தச் சொல்லி யாரும் சண்டை போட முடியாது. நிறுத்துகிற பொத்தான் உள்ளே போய் வருஷம் இரண்டாகிறது. கேசட்டை வெளியே எடுக்கிற பொத்தானும் அதற்குத் துணையாகப் போய்விட்டது. ஒரு பக்கம் முடிந்தால் செட்டு தானே திரும்பி மறுபக்கம் பாடும், அது முடிந்தால் மறுபடி இந்தப் பக்கம். கம்பத்து மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குடைந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு கேசட்டு பிழைக்கும், இல்ல செட்டு பிழைக்கும். எது வேணும்னு நீயே சொல்லு" என்றான். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ராஜா முகம்மது வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த ஜீப்பில்தான் தினமும் காலை ஆறு மணிக்குக் கம்பத்திலிருந்து பதினெட்டுப் பெண்கள் மலையேறி, குமுளியைத் தாண்டி, சக்குபள்ளம் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனார்கள். ஒரு ஜீப்பில் பதினெட்டுப் பேர் எப்படி என்று கேட்காதீர்கள். கேட்டால், இருபத்திரண்டு பேர் போன நாளின் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். ஆள் சேர்ப்பதும், யார் எங்கே உட்காருவது என்று தீர்ப்புச் சொல்வதும் அன்னத்தாய். நாற்பத்து மூன்று வயது. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி என்று டிரைவருக்குப் பக்கத்து இடத்தில் அவள் உட்கார்ந்த பிறகுதான் வண்டி நகரும்.

கேசட்டும் ஊரில் கிடைக்கிற கேசட் இல்லை. குமுளியில் ஒரு டீக்கடைக்காரர், தன் அக்காள் மகன் பாடியது என்று சொல்லி ராஜா முகம்மதுவின் தலையில் கட்டியது. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் இரண்டு கூட்டமாகச் சேர்ந்து, தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, ஒரே கேசட்டைப் பங்கு போட்டுப் பாடியிருந்தார்கள். ஒரு பக்கம் 'ஏழாம் மைல்' என்கிற குழு. மறுபக்கம் 'மழைக்கோட்டு'. தமிழும் மலையாளமும் பாதிக்குப் பாதி கலந்த தோட்டத்துப் பேச்சில் பாட்டு, கூடவே கித்தாரும் டிரம்ஸும். சினிமாவில் வராத பாட்டை யார் கேட்பார்கள்?

வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்களே, முதல் மாதம் அந்தக் கேசட்டின் பாடு அதுதான். "தகரத்துல ஆணி அடிக்கிற சத்தத்தையா பாட்டுங்குறாக" என்று பின்சீட்டு ராமுத்தாய் தினமும் காதைப் பொத்திக்கொள்வாள். இரண்டாம் மாதம் வாய் தானாக முணுமுணுத்தது. மூன்றாம் மாதம் வண்டியே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. முன்பக்கத்தார் ஏழாம் மைல். பின்பக்கத்தார் மழைக்கோட்டு, அதற்குத் தலைவி யாரென்றால் காதைப் பொத்திய அதே ராமுத்தாய். எந்தக் குழு உசத்தி என்று மலையடிவாரத்து லோயர்கேம்ப்பில் ஆரம்பிக்கிற வாக்குவாதம் குமுளி செக்போஸ்ட்டில் கூட ஓயாது. போலீஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ குடும்பத் தகராறு என்று கையைக் காட்டி அனுப்பிவிடுவார்.

இதில் அன்னத்தாய்க்கு ஒரு தீராத குறை இருந்தது.

ஏழாம் மைல் பக்கத்தில் கடைசிப் பாட்டு, ஒரு பெண்ணைப் பற்றியது. மலைப்பாதையில் அடைமழை. மூன்றாம் வளைவில் அவள் கையில் விளக்கோடு தனியாக நிற்கிறாள். வண்டிகள் வருவதையே பார்த்து நிற்கிறாள்.

*மூணாம் வளைவுல விளக்கும் கையுமா*
*மழையில நனைஞ்சு நிக்கிறா ஒருத்தி.*
*தூரத்துல ஒரு வெளிச்சம் வருது,*
*விளக்க ஒசத்திப் பிடிக்கிறா…*

அவ்வளவுதான். அந்த இடத்தில் நாடா கசங்கியிருந்தது. செட்டு 'கடக்' என்று திரும்பி, மழைக்கோட்டின் முதல் பாட்டை, "டீ ஆறிப் போச்சு, டீ ஆறிப் போச்சு" என்று ஆரம்பித்துவிடும். உடனே பின்பக்கத்தார் கைதட்டிக்கொண்டு கூடப் பாடுவார்கள். தாளம் அப்படி, முன்பக்கத்தாராலும் சும்மா இருக்க முடியாது. விளக்கை உயர்த்தியவள் உயர்த்தியபடியே நிற்பாள். இரண்டு வருஷமாக நிற்கிறாள். டீக்கடைக்காரரிடம் கேட்டால், "அதுக்கப்புறம் ஏதோ வரும், நான் எங்க முழுசாக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

வருகிறவன் யார், வண்டி நின்றதா, இல்லையா? ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தார்கள். "அவ புருசன்தேன், எறங்கி வந்து கையப் பிடிச்சுக்குவாக" என்பாள் ராமுத்தாய். "அட போங்கக்கா, வண்டி நிக்காமப் போயிரும். அப்பத்தேன் பாட்டு சோகமா இருக்கும்" என்பாள் ஜெபஷீலா. வண்டியிலேயே சின்னவள் அவள், போன வருஷம்தான் கல்யாணம் ஆனவள். பேசிப் பேசிக் கடைசியில் எல்லாக் கண்ணும் அன்னத்தாய் பக்கம் திரும்பும். சட்டென்று பேச்சு நிற்கும். யாராவது ஒருத்தி பெருமூச்சு விடுவாள்.

காரணம் இருந்தது. அன்னத்தாயின் புருஷன் சின்னச்சாமி எட்டு வருஷத்துக்கு முன்னால் கட்டப்பனைப் பக்கம் மரம் அறுக்கப் போனவன், திரும்பி வரவில்லை. அங்கே இன்னொரு குடித்தனம் என்று சேதி மட்டும் வந்தது. அன்னத்தாய் மூன்று மாதம் அழுதாள், அதோடு சரி. ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பினாள், இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தாள், வீட்டுக்கு ஓடு மாற்றினாள். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'புருசனத் தேடித்தேன் தினமும் மலையேறுறா, பாவம்' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பாவம் என்கிற சொல் காதில் விழுந்தால் அன்னத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பாட்டில் வண்டி நின்றால், 'ஒன் ஆளும் ஒருநா வருவாக பாரு மதினி' என்பார்கள். நிற்காவிட்டால், பாவம் என்பார்கள். இரண்டையும் அவளால் சகிக்க முடியாது. இந்த இரண்டைத் தவிர வேறொன்று அந்தப் பாட்டில் இருந்தே ஆகவேண்டும் என்று அவள் நினைத்தாள். அது என்னவென்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த முடிவைக் கேட்டே தீரவேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷச் சித்திரையில், குமுளி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு போஸ்டரைப் பார்த்து ஜெபஷீலா ஜீப்புக்குள்ளிருந்தே கத்தினாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததில் அவளுக்கு மலையாளம் வாசிக்க வரும். கோடை இசை விழா. சனிக்கிழமை மாலை நாலு மணி. சொந்தப் பாட்டுக் குழுக்கள் மட்டும். அனுமதி இலவசம். அடியில் இருந்த ஐந்து பெயர்களில் நாலாவது மழைக்கோட்டு, ஐந்தாவது ஏழாம் மைல்.

"கடைசியாப் பாடுறவுகதேன் பெரியாளு" என்றாள் அன்னத்தாய்.

"கல்யாணத்துல கடைசிப் பந்திக்கு ரசந்தேன் கெடைக்கும்" என்றாள் ராமுத்தாய்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து பதினெட்டுப் பேரும் தோட்டத்தில் பம்பரமாகச் சுழன்றார்கள். ஏலச்செடியில் காய்ந்த தண்டுகளை அறுத்துத் தூரைச் சுத்தம் செய்கிற வேலை. நாலு மணிக்கு முடிகிறது மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. மேஸ்திரி சுருளியாண்டி வரிசை வரிசையாக நடந்து பார்த்தார், குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. "தெனமும் இப்படி முடிக்க முடியும்னு இத்தன நா எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அன்னத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேஸ்திரி வாயைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஜீப்பில் ஏறினாள்.

மைதான வாசலில் விழாப் பெயர் அச்சடித்த பனியன் போட்ட கல்லூரிப் பையன் ஒருவன் வழிமறித்தான். முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் தூக்குவாளியுமாகப் பதினெட்டுப் பெண்கள் வந்தால் அவன்தான் என்ன நினைப்பான்?

"சேச்சி, கிரவுண்ட் கூட்டுறது நாளைக்குக் காலையில. இன்னைக்கு இல்ல."

"கூட்ட வரல தம்பி. பாட்டுக் கேக்க வந்திருக்கோம்" என்றாள் ராமுத்தாய்.

"இது சினிமாப் பாட்டு இல்ல."

"அது தெரிஞ்சுதேன் வந்திருக்கோம். ஒனக்கு மழைக்கோட்டுல மூணாவது பாட்டு என்னன்னு தெரியுமா?"

பையன் விழித்தான். ராமுத்தாய் அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது வரி முடியுமுன்னே அவன் ஒதுங்கி வழிவிட்டான். இடுப்பில் செருகிய அரிவாள்களை மட்டும் ஜீப்பில் வைத்துவிட்டு வரச் சொன்னான். அது நியாயம்தான்.

முதல் மூன்று குழுக்களும் அவர்களுக்கு ஒட்டவில்லை. ஒரு குழுவில் முடியை முகத்தில் தொங்கவிட்ட ஒருவன் மைக்கை விழுங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் அலறினான். "ஏலே, அந்தப் பிள்ளைக்கு யாராச்சும் ஓமத்தண்ணி குடுங்கப்பா" என்று ராமுத்தாய் சொன்னது நாலு வரிசைக்குக் கேட்டது. மலையாளத்துப் பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ராஜா முகம்மது, இவர்களுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவன் போல ஒரு விளக்குக் கம்பத்தின் ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.

மழைக்கோட்டு மேடை ஏறியதும் எல்லாம் மாறியது. கேசட்டில் கேட்ட அதே குரல் எதிரில் ஒரு உடம்போடு நிற்பதைப் பார்க்கப் பார்க்க அன்னத்தாய்க்கே மெய் சிலிர்த்தது. எதிர்க்கட்சிக் குழு என்பதை மறந்துவிட்டாள். சுற்றியிருந்த கூட்டம் விசில் அடித்தது. இவர்களுக்கு விசில் வராது. பதினெட்டுப் பேரும் சேர்ந்து குலவை போட்டார்கள். மைதானமே ஒரு நிமிஷம் திகைத்துப்போய், பிறகு ஓவென்று கைதட்டியது. மேடையில் டிரம்ஸ் அடித்தவன் குச்சியைத் தூக்கிக் கும்பிட்டான். ராமுத்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. "என்னையத்தேன் கும்பிட்டாக, பாத்தீகளா" என்று ஒவ்வொருத்தியையும் பிடித்துச் சொன்னாள்.

பிறகு ஏழாம் மைல் வந்தது. பாடுகிறவன் மீசையும் புஜமுமாக இருப்பான் என்று அன்னத்தாய் இரண்டு வருஷமாக எண்ணியிருந்தாள். வந்தவன் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். பெயர் ஜோமோனாம். காற்றடித்தால் விழுந்துவிடுவான். ஆனால் வாயைத் திறந்ததும் குரல் அதே குரல். முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது என்று கேசட்டில் இருந்த வரிசையிலேயே பாடிக்கொண்டு போனார்கள். அன்னத்தாய் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் முறுக்கிக்கொண்டாள்.

"இது எங்களோட கடைசிப் பாட்டு" என்றான் ஜோமோன்.

மைதானம் அடங்கியது. ஒற்றைக் கித்தார். மூணாம் வளைவுல விளக்கும் கையுமா. அவன் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகப் பாடினான். ராமுத்தாய் கூட மூச்சுக் காட்டவில்லை. மழையில் நனைந்து நின்றாள். தூரத்தில் வெளிச்சம் வந்தது. விளக்கை உயர்த்திப் பிடித்தாள்.

"டீ ஆறிப் போச்சு, டீ ஆறிப் போச்சு…"

பதினெட்டுத் தொண்டை, ஒரே மூச்சில், கைதட்டலோடு. யாரும் யோசித்துப் பாடவில்லை. அந்த வரி வந்தால் இந்த வரி வரவேண்டும், இரண்டு வருஷம் நாளுக்கு நாலு தடவை வந்திருக்கிறது, வாய் அது பாட்டுக்குத் திறந்துகொண்டது. சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்புக்கு மேலே இவர்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள். ஒரு சரணம் முழுக்கப் பாடி முடித்த பிறகுதான் மேடையில் கித்தாரும் நின்றுபோயிருப்பது உறைத்தது. ஜோமோன் பாடவேண்டியதைப் பாடிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு, கித்தாரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அன்னத்தாய் தன் கையைப் பார்த்தாள். தட்டியபடியே இருந்தது. மற்றவர்களைவிட உரக்கப் பாடியது அவள்தான்.

"போச்சு" என்றாள். "ஏ ராமுத்தாயி, போச்சுடி. முடிவு வந்துச்சு, போச்சு."

விழா முடிந்ததாக மைக்கில் அறிவித்தார்கள். ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். கூட்டம் வாசலை நோக்கித் திரும்பியது. அன்னத்தாய் எதிர்ப்பக்கம் நடந்தாள். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, கயிற்றைத் தாண்டிக்கொண்டு மேடைக்குப் போனாள். இரண்டு வருஷம் காத்திருந்த ஒன்றைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்ட ஆத்திரம். பின்னாலேயே பதினேழு பேரும், அவர்களுக்குப் பின்னால் "அக்கா, அக்கா" என்று ராஜா முகம்மதுவும் ஓடி வந்தார்கள்.

ஜோமோன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"எங்க பாட்டு பிடிக்கலேன்னா கூச்சல் போடலாம் சேச்சி. நடுவுல அவுங்க பாட்டப் பாடி அவமானப்படுத்துனது சரியில்ல" என்றான். மழைக்கோட்டுப் பையன்கள் ஓரமாக நின்று சங்கடத்தோடு பார்த்தார்கள்.

"ஐயோ தம்பி, அவமானமா?" அன்னத்தாய்க்கு வார்த்தை குழறியது. "ஒன் பாட்டு அங்கனதேன் முடியும் தம்பி. எங்களுக்கு அங்கனதேன் முடியும்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராஜா முகம்மது முன்னால் வந்து, செட்டில் மாட்டிய கேசட்டையும், கசங்கிய நாடாவையும், 'கடக்' என்று திரும்புவதையும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். கேட்கக் கேட்க ஜோமோனுக்கு வாய் பிளந்தது. மழைக்கோட்டு டிரம்ஸ்காரன் மேடையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ரெண்டு வருசமா? தெனமுமா?" என்றான் ஜோமோன். "நாங்க மொத்தம் அம்பது கேசட்டுதான் போட்டோம் சேச்சி. முப்பது இன்னும் வீட்டுல கெடக்கு. யாரும் கேக்குறாங்கன்னே எங்களுக்குத் தெரியாது."

"நாங்க கேக்குறோம்" என்றாள் அன்னத்தாய். "முடிவ மட்டுந்தேன் கேக்கல. அத எங்களுக்காக ஒருக்காப் பாடு தம்பி. புண்ணியமாப் போகும்."

மைக் இல்லை, விளக்கு இல்லை. நல்லவேளை, வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. ஜோமோன் மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து கித்தாரை மடியில் வைத்தான். அன்னத்தாய் திரும்பித் தன் படையைப் பார்த்தாள்.

"எல்லாரும் வாயப் பொத்துங்கடி. எவளாச்சும் டீ ஆத்துனீக, கம்பம் வரைக்கும் நடந்துதேன் வரணும்."

பதினேழு பேரும் வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டார்கள். அன்னத்தாயும் தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தன்னையே நம்ப முடியாத நிலைமை. அவன் முதலிலிருந்து பாடினான். விளக்கை உயர்த்திப் பிடிக்கிற வரி வந்ததும் ராமுத்தாயின் தோள் ஒரு குலுங்கு குலுங்கியது, துண்டுக்குள் ஏதோ முனகல் கேட்டது, ஆனால் தாக்குப்பிடித்துவிட்டாள். ஜோமோன் மேலே பாடினான்.

*நிறுத்துங்க, நிறுத்துங்க, முன்னால பாதையில்ல,*
*நாலாம் வளைவு சரிஞ்சு கெடக்கு.*
*திரும்பிப் போங்க, பத்திரமாப் போங்க,*
*விடியும் மட்டும் எனக்கு வேலை இருக்கு.*

கித்தார் நின்றது. ஒருவரும் துண்டை எடுக்கவில்லை.

ராமுத்தாய்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப… அவ எவனுக்காகவும் நிக்கலயா?"

"இல்ல சேச்சி" என்றான் ஜோமோன். "எங்க எஸ்டேட்ல அப்படி ஒரு அம்மா இருந்தாங்க. மண்ணு சரிஞ்ச அன்னைக்கு ராத்திரி பூரா நின்னு வண்டிகளத் திருப்பி விட்டாங்க. யாருக்காக நிக்கிறாங்கன்னு நெனச்சீங்க?"

ஜெபஷீலா தரையைப் பார்த்தாள். அன்னத்தாய் வாயிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கன்னமும் நனைந்திருந்தன, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாகத் தனக்குச் சொல்லத் தெரியாத ஒன்றை இந்த ஒல்லிப் பையன் நாலு வரியில் சொல்லிவிட்டான் என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவன் தலையில் கையை வைத்து, "நல்லா இரு ராசா" என்றாள்.

ஜீப்புக்கு நடக்கும்போது ராமுத்தாய் அவள் பக்கத்திலேயே வந்தாள். வாசலில் நின்று அன்னத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, நானும் இத்தன வருசமா ஒன்னைய அப்படித்தேன் நெனச்சுட்டேன்."

"தெரியும்" என்றாள் அன்னத்தாய். "ஏறு. திங்கக்கெழம வெரசா வந்துரு, வேலை கெடக்கு."